உயிரின்பன் ஜீவா ஆன கதை

உயிர், இன்பம். ரெண்டுமே நமக்குத் தெரிஞ்ச சொற்கள்தான். ஆனால், சேர்த்து ‘உயிரின்பன்’னு சொன்னால், யாருன்னு சட்டுனு பிடிபடுதா? நம்ம தோழர் ஜீவாதான்!

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. பிறகு ஜீவானந்தம். தனித்தமிழ் மீது பற்று வந்ததும், ஜீவனை உயிராக்கி, ஆனந்தத்தை இன்பமாக்கி, உயிரின்பன் ஆனார். வேதாசலம் மறைமலை ஆன அதே கணக்கு!

அந்த மறைமலை அடிகளைப் பார்க்க ஒருமுறை பல்லாவரம் போனாராம் ஜீவா. கதவு தட்டும் சத்தம் கேட்ட அடிகள், வந்திருப்பது போஸ்ட்மேனா என்று உள்ளிருந்தபடியே விசாரித்தாராம். தனித்தமிழின் தலைவாசலிலேயே போஸ்ட்மேனா என்று திகைத்துப்போன ஜீவா, பழைய பெயருக்கே திரும்பிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

கதை எப்படியோ, ஜீவாவின் பேச்சைக் கேட்கக் கூடியவர்கள் ஆலைத் தொழிலாளிகளும் விவசாயிகளும். பொருள் விளக்கிச் சொல்ல வேண்டிய பெயர் அங்கே எடுபடுமா? 1937-ல் அவரை ஆசிரியராகக் கொண்டு வந்த பத்திரிகையின் பெயர் ‘ஜனசக்தி’. அதுவும் ரெண்டு சொல் சேர்ந்ததுதான். வடசொல்தான். ஆனால், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் விளங்கும்.

1952-ல் வண்ணாரப்பேட்டை மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1963-ல் மறைந்தார். இன்றைக்கும் ஊர் அவரைக் கூப்பிடுவது ரெண்டே எழுத்தில்தான்: ஜீவா.