ஆசனம் போனாலும் சங்கம் நின்றது: வைத்தியர் மேரி ரட்ணம்

2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் வன்னிக் கிராமத்து மாதர் சங்கத்திலிருந்த என்னையும் பட்டியலில் சேர்த்தார்கள். மீள்குடியேறிய காலத்தில் கிணறு இறைக்கவும் சீட்டுப் பிடிக்கவும் தொடங்கிய சங்கம் அது. பிரதேச சபைக்குப் போன பிறகுதான் மேரி ரட்ணம் பற்றி அறிந்தேன்.

அவர் 1873இல் கனடாவில் பிறந்தவர். ரொறன்ரோவில் மருத்துவம் படித்தார். அமெரிக்காவில் கல்வி கற்ற தமிழரான எஸ்.சி.கே. ரட்ணத்தைத் திருமணம் செய்து 1896இல் இலங்கைக்கு வந்தார். இனுவில் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை காத்திருந்தது. தமிழரை மணந்தவர் என்று தெரிந்ததும் மிஷனரிமார் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. பிறகு கொழும்பிலேயே பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

நோய்க்கு மருந்து மட்டும் போதாது என்பதை அவர் கண்டுகொண்டார். 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். டொனமூர் ஆணைக்குழு முன் அச்சங்கம் வாதாடியது. 1931இல் 21 வயதான பெண்களுக்கும் வாக்குக் கிடைத்தது.

வாக்குக் கிடைத்தால் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. அதற்கு முந்திய ஆண்டே, 1930இல், லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்திருந்தார். கனடாவின் கிராமத்துப் பெண்கள் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. சுகாதாரம், சத்துணவு, வீட்டுத்தோட்டம், கைப்பணி என்று கூடிய கிராமத்துப் பெண்கள், கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் அங்கேயே பழகினார்கள்.

1937இல், தமது 64ஆவது வயதளவில், பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்று கொழும்பு மாநகர சபையின் முதல் பெண் உறுப்பினரானார். சட்ட நுணுக்கம் ஒன்றினால் அந்த ஆசனம் நெடுநாள் நிலைக்கவில்லை. சமித்தியோ வளர்ந்துகொண்டே போனது. 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் காலமானார்.

எங்கள் சபையில் நான் எழுந்தால் நேரம் முடிந்துவிட்டது என்பார்கள். ஒருநாள் குடிதண்ணீர்ப் பிரச்சினைக்காகச் சங்கத்துப் பெண்கள் இருபது பேர் பார்வையாளர் பகுதியில் வந்து அமர்ந்தார்கள். அன்று என்னை முழுவதும் பேச விட்டார்கள்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. என் ஆசனமும் போனது. ஒதுக்கீடு நமக்குக் கதவைத்தான் திறந்து தரும். உள்ளே போகிறவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் நிற்கவேண்டும். எங்கள் சங்கம் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. அடுத்த முறைக்கு இரண்டு இளம்பெண்களை ஆயத்தப்படுத்துகிறோம்.