சாங்கிக் கைதி கண்ட உப்பு



சாங்கி என்றதும் இன்று நமக்கு விமான நிலையம்தான் ஞாபகம் வரும். ஜப்பான்காரன் காலத்தைக் கண்ட நம் பாட்டன் பாட்டிமாருக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அந்தச் சாங்கியில் மூன்றரை ஆண்டுகள் போர்க் கைதியாக அடைபட்டுக் கிடந்தார் ஒரு டாக்டர். பெயர் ஜான் கேட். ஆஸ்திரேலியா நாட்டவர். மனநோய்க்கு மருந்து கண்டவர்களில் முன்வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். எடிசனையும் நியூட்டனையும் அறிந்திருக்கும் நம் பிள்ளைகள் இவரையும் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் லயங்களில் சில வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். நன்றாக வேலைக்குப் போய்வந்த மனிதர் திடீரென்று ஒரு வாரம் தூங்கமாட்டார். ஓயாமல் பேசுவார். கடன் வாங்கி வேண்டாத சாமானெல்லாம் வாங்கிக் குவிப்பார். தானே பெரிய துரை என்பார். பிறகு இரண்டு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். குளிக்கவும் எழுந்திருக்க மாட்டார். உடனே நாம் என்ன சொல்கிறோம்? காற்றுப் பட்டுவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறோம். பூசாரியிடம் போகிறோம், போமோவிடம் போகிறோம். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகமாட்டோம். போனால் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ் என்று பெயர் வந்துவிடும், பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுக்க முடியாது என்று பயம். அந்தப் பயத்தில் எத்தனை பேரை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறோம்!

சிங்கப்பூரிலும் இந்தக் கதைதான். தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருப்பீர்கள். பக்கத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, அதாவது பிள்ளைப்பேற்றுக்குப் பேர்போன பழைய கே.கே. ஆஸ்பத்திரி இருந்த இடம். அந்த வட்டாரத்தில்தான் 1862ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு முன்னால், 1841இல், பிராஸ் பாசா சாலை ஓரமாக முப்பது படுக்கையோடு தொடங்கினார்கள். 1887இல் சிப்பாய் லைனுக்கும் 1928இல் இயோ சூ காங்கிற்கும் மாற்றினார்கள். 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயரிட்டார்கள். 1993இல் புவாங்கோக்கில் புதுக் கட்டடத்துக்குப் போய் மனநலக் கழகம் என்ற பெயரோடு நடந்துவருகிறது. இடம் மாறியது, பெயர் மாறியது. ஆனால் வெகுகாலம் வரைக்கும் உள்ளே இருந்தவர்களுக்குக் கொடுக்க நல்ல மருந்து என்று ஒன்று கிடையாது. பூட்டி வைப்பார்கள், சோறு போடுவார்கள், தூக்க மருந்து கொடுப்பார்கள். உலகம் பூராவும் அப்படித்தான்.

சரி, நம் டாக்டரிடம் வருவோம். ஜான் கேட் 1912 சனவரி 18ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் மர்ட்டோவா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையும் டாக்டர்தான். அவர் முதல் உலகப் போரில் பட்ட பாட்டினால் மனம் தளர்ந்து, சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, அரசாங்க மனநோய் மருத்துவமனைகளில் மேற்பார்வை டாக்டராகச் சேர்ந்தார். ஆகையால் சிறுவன் ஜான் வளர்ந்ததே மனநோய் மருத்துவமனை வளாகங்களில்தான். நம் பிள்ளைகள் பால்மரங்களுக்கு நடுவே ஓடியாடுவதுபோல அவர் நோயாளிகளுக்கு நடுவே ஓடியாடினார். அவர்கள் பேயும் அல்ல, பூதமும் அல்ல, மனிதர்களே என்பது சின்ன வயதிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 1934இல் டாக்டராகத் தேறினார். கடுமையான நிமோனியா வந்து சாகக் கிடந்தபோது தம்மைக் கவனித்துக்கொண்ட தாதியையே 1937இல் மணந்தார். மனநோய் மருத்துவத் துறையில் சேர்ந்தார். அதற்குள் போர் வந்துவிட்டது. 1941 பிப்ரவரியில் குவீன் மேரி என்ற பெரிய கப்பலில் ஆஸ்திரேலியப் படையோடு சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார். மனைவியும் சிறு பிள்ளைகளும் ஊரில்.

ஓராண்டில் எல்லாம் தலைகீழாயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, இந்தியச் சிப்பாய்களையெல்லாம் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். நம்மவர் பலர் நேதாஜி படையில் சேர்ந்ததெல்லாம் பின்னால் நடந்த கதை. அதே நாளில் வெள்ளைக்காரப் படைகளைச் சாங்கிக்கு நடத்தினார்கள். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர். அந்தக் கூட்டத்தில் மேஜர் கேட்டும் ஒருவர். வயது முப்பது.

சாங்கி வாழ்க்கையை நான் விவரிக்க வேண்டியதில்லை. அரிசிச் சோறு, அதுவும் அரைவயிறு. தீட்டிய அரிசியையே தின்றதால் பெரிபெரி நோய் வந்து கால் வீங்கியது, கண் மங்கியது, மனமும் குழம்பியது. இந்த நோயை நம் தோட்டத்து முன்னோர்களும் பட்டிருக்கிறார்கள். கைதிகள் புல்லையும் லாலானையும் அறுத்து, அரைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றை மருந்தாகக் குடித்தார்கள். நாம் வேண்டாம் என்று வெட்டி எறிகிற லாலான்தான்! கைதிகளில் பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பக்கத்திலேயே நம் தோட்டத் தமிழர்கள் கேட்பாரற்று மாண்டுபோன கதை உங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. கேட் சாங்கியிலேயே இருந்து, மனம் பேதலித்த கைதிகளைப் பார்த்துக்கொண்டார்.

மருந்து இல்லை, கருவி இல்லை. கண் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கண்ணால் அவர் பார்த்தபடி இருந்தார். ஒரே ஆள் சில நாள் வெறிபிடித்தாற்போல் இருக்கிறான், சில நாளில் தெளிகிறான், மறுபடி விழுகிறான். சாப்பாட்டில் ஒரு சத்துக் குறைந்தால் அறிவே மாறிப்போகிறது. அப்படியானால் பைத்தியம் என்பது மனசிலே மட்டும் இருக்கிற கோளாறா, அல்லது உடம்பிலே ஏதோ ஒன்று கூடியோ குறைந்தோ மூளையைக் கெடுக்கிறதா? அக்காலத்து மேதைகள் பலர் சிறுவயதுச் சம்பவம், தாய் தகப்பன் வளர்ப்பு என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வேறு எண்ணம் வந்தது. தைராய்டு சுரப்பி அதிகம் வேலை செய்தால் ஆள் பரபரக்கிறான், குறைந்தால் மந்தமாகிறான் அல்லவா? அதுபோல, உடம்பில் ஏதோ ஒரு பொருள் மிகுந்தால் மனம் துள்ளுகிறது, குறைந்தால் சோர்ந்து விழுகிறது. மிகுந்த பொருள் சிறுநீரில் வெளியேற வேண்டும். இதுதான் அவர் கணக்கு. சாங்கியில் ஊன்றிய விதை இது.

1945 செப்டம்பரில் விடுதலை. எலும்பும் தோலுமாக வீடு திரும்பியவர் ஓய்ந்து உட்காரவில்லை. மெல்பர்னுக்கு அருகே பண்டூராவில் முன்னாள் போர்வீரர்களுக்கான மனநோய் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஆராய்ச்சிக்கூடம் ஏது? பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் சாமான் அறையைத் துடைத்து எடுத்துக்கொண்டார். பண உதவி கிடையாது, உதவியாளர் பட்டாளம் கிடையாது. நோயாளிகளின் சிறுநீரைப் புட்டிகளில் பிடித்து வீட்டுக் குளிர்பெட்டியில் சாப்பாட்டுச் சாமான்களோடு வைப்பாராம்! அந்த அம்மாள் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசிபோட்டுப் பார்த்தார். (பெயர்தான் பன்றி, முயல்குட்டி போன்ற சிறு பிராணி.) மனத்துள்ளல் நோயாளியின் சிறுநீர் மற்றவர்களுடையதைவிட விஷமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதில் யூரிக் அமிலத்துக்குப் பங்கு உண்டா என்று பார்க்க விரும்பினார். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. கரையவைக்க லித்தியம் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்த்தார். சேர்த்தது கரைப்பதற்காகத்தான், மருந்தென்று அல்ல. ஆனால் என்ன ஆயிற்று? விஷம் கூடவில்லை, குறைந்தது! பிறகு யூரிக் அமிலம் இல்லாமல் லித்தியம் கார்பனேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார். தொட்டாலே துள்ளும் அந்தப் பிராணிகள் இரண்டு மணி நேரத்தில் சாதுவாகி, மல்லாக்கப் புரட்டிப் போட்டாலும் அப்படியே படுத்துக் கிடந்தன.

லித்தியம் எல்லா உலோகங்களிலும் லேசானது. 1817இல் சுவீடன் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் கைத்தொலைபேசி பேட்டரிக்குள் இருப்பதும் இதுதான். கேட் முதலில் அந்த உப்பைத் தாமே தின்று பார்த்தார். தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

முதல் நோயாளிக்கு வயது 51. ஐந்து ஆண்டுகளாக ஓயாத மனத்துள்ளல். வார்டிலேயே மிகவும் தொல்லை தருபவர், அழுக்கும் ஆர்ப்பாட்டமுமாக இருப்பவர். 1948 மார்ச் 29ஆம் நாள் லித்தியம் கொடுக்கத் தொடங்கினார். சில நாட்களில் அடங்கினார். சில வாரங்களில் குணமாகி வருவோர் வார்டுக்கு மாறினார். சூலை மாதம் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலேயே சேர்ந்துவிட்டார்! ஐந்து வருசம் பூட்டிக் கிடந்த ஆள்.

இந்த விவரங்களை எல்லாம் எழுதி, ஆஸ்திரேலிய மருத்துவ இதழுக்கு அனுப்பினார் கேட். 1949 செப்டம்பர் 3ஆம் நாள் இதழில் வெளிவந்தது. சில பக்கக் கட்டுரைதான். மாணவர்களே, அந்தக் கட்டுரையில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மனத்துள்ளல் நோயாளிகள் பத்துப் பேருக்குப் பலன் கிடைத்தது என்று எழுதியவர், மனச்சிதைவு நோயாளிகள் ஆறு பேரிடம் பரபரப்புத்தான் அடங்கியது, நோய் தீரவில்லை என்றும் எழுதினார். மனச்சோர்வில் இருந்த மூன்று பேருக்குப் பலன் தெரியவில்லை என்பதையும் எழுதினார். கண்டதைக் கண்டபடி எழுதுவது என்பது அதுதான்.

ஆனால் கதை அதோடு இனிதாக முடியவில்லை. முதல் நோயாளி வீட்டில் மருந்தை நிறுத்திவிட்டார். நோய் திரும்பியது. மறுபடி சேர்த்தார்கள், மறுபடி மருந்து. லித்தியம் கொஞ்சம் மிஞ்சினாலும் நஞ்சு. எவ்வளவு கொடுக்கலாம் என்று அளக்க அப்போது வழி தெரியாது. 1950 மே மாதம் அந்த நோயாளி லித்தியம் நஞ்சாகி இறந்துபோனார். அதே காலத்தில் அமெரிக்காவில் இருதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்று, சிலர் இறந்து, 1949இல் அதை அரசாங்கம் தடுத்துவிட்டது. கேட்டும் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். பெயர் தெரியாத ஊரில் சாமான் அறையில் நடந்த ஆராய்ச்சியை யார் மதிப்பார்கள்? கட்டுரை தூசி படிந்து கிடந்தது.

அதை எடுத்துத் தூசி தட்டியவர் டென்மார்க் டாக்டர் மோகென்ஸ் ஷோ. 1954இல் அவரும் கூட்டாளிகளும் முறையாகச் சோதித்து, லித்தியம் வேலை செய்வது உண்மைதான் என்று காட்டினார்கள். அதற்குள் மெல்பர்னிலேயே நோயாளியின் இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அளந்து கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. 1967இல், தொடர்ந்து சாப்பிட்டால் நோய் திரும்பத் திரும்ப வருவதையே இது தடுக்கிறது என்றும் ஷோவும் தோழரும் காட்டினார்கள். 1970இல் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டது. முதல் கட்டுரை வந்து இருபத்தொரு ஆண்டுகள்! மண்ணிலிருந்து கிடைக்கும் சாதாரண உப்பு. யாரும் உரிமை கொண்டாட முடியாது, பெரிய லாபமும் கிடையாது. கம்பெனிக்காரர்கள் அவசரப்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேட் போட்ட கணக்கு சரியல்ல. யூரிக் அமிலத்தால் மனத்துள்ளல் வருகிறது என்பதற்கு ஆதாரம் நிற்கவில்லை. கினிப்பன்றிகள் சாதுவானதுகூட லித்தியம் மிஞ்சிய மயக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். லித்தியம் மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பது இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் நோய் உடம்பிலும் இருக்கிறது, உடம்பு வழியாக அதைத் தணிக்க முடியும் என்று சாங்கியில் அவர் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. அந்நோயை இன்று இருதுருவ மனநோய் என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லித்தியம் இருக்கிறது.

பெற்றோர்களே, இது கடையில் வாங்கித் தின்கிற மருந்து அல்ல. டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இரத்தம் சோதித்து அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்து வியர்த்துக் கொட்டுகிறவர்கள், வயிற்றுப்போக்கு வந்தவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் மருந்தின் அளவு ஏறிவிடும். குணமாகிவிட்டதே என்று தானாக நிறுத்தவும் கூடாது.

கேட் 1952இல் மெல்பர்ன் ராயல் பார்க் மனநோய் மருத்துவமனையின் தலைமை டாக்டராகி, 1977 வரை அங்கேயே இருந்தார். 1974இல் ஷோவோடு சேர்ந்து அமெரிக்காவில் கிட்டே விருது பெற்றார். 1976இல் ஆஸ்திரேலிய அரசு விருதளித்தது. 1980 நவம்பர் 16ஆம் நாள் காலமானார். பழைய சாங்கிச் சிறையை 2004இல் இடித்துவிட்டார்கள். முன்வாசல் கதவையும் ஒரு துண்டுச் சுவரையும் இரண்டு காவல் கோபுரங்களையும் மட்டும் விட்டுவைத்தார்கள். 2016இல் அவற்றைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள், தேக்காவில் சாமான் வாங்கிய கையோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை அங்கேயும் போய்ப் பார்த்து வாருங்கள்.