அநாதைக் குழந்தைகளின் நாடி பார்த்த அம்மையார்



அநாதைகளை ஆதரிக்க வேண்டியதன் அவசியத்தை ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்டு வருகிறோம். பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் அன்னை ஆமினாவையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள். ஆகவே, யத்தீம் என்ற சொல்லைச் செவியுறும்போதே முஸ்லிமின் உள்ளம் நெகிழ்வது இயல்பேயாகும். உண்ண உணவு, உடுக்க உடை, ஓதப் பள்ளி ஆகிய மூன்றையும் அளித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணியும் விடுகிறோம்.

ஆனால் அந்தக் குழந்தை கடும் நோயாளியாகவும் இருந்துவிட்டால்?

சற்றே எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு இரவில் உடல் சுட்டால் அதனை முதலில் உணர்வது தாயின் கை. முகம் வெளுத்திருப்பதையும், முன்போல் ஓடியாடாமல் மூலையில் அமர்ந்திருப்பதையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது தாயின் வாய். நாற்பது பிள்ளைகள் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் ஓர் இல்லத்திலோ, சத்தமின்றி மெலிந்து வரும் ஒரு சிறுவனைக் கவனிப்பவர் யார்? இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு இன்றைய சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கிறது. அவ்வளவு காலமும் குறித்த நாளில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், காய்ச்சிய நீரும் தூய உணவும் கொடுக்கவும், நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் விடியும் வரை காத்திராமல் தூக்கிக்கொண்டு ஓடவும் ஒருவர் வேண்டும். தலசீமியா என்னும் இரத்தக் குறைநோய் கண்ட குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையேனும் இரத்தம் ஏற்ற வேண்டும். இளம்பருவ நீரிழிவு கண்ட குழந்தைக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி தவறக் கூடாது. மருந்தை அரசாங்கம் கொடுக்கலாம், செல்வந்தர் கொடுக்கலாம். அதனை வேளை தவறாமல் புகட்டும் கையை யார் கொடுப்பது?

இந்த வினாவை முன்னோர் எண்ணிப் பார்க்காமல் இல்லை. எகிப்தின் சுல்தான் கலாவூன் கி.பி. 1284-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் மாபெரும் மருத்துவமனை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அடிமையாக விற்கப்பட்டுப் பின்னர் அரியணை ஏறியவர் அவர். அரசனாயினும் அடிமையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும் அங்கே சிகிச்சை பெறலாம் என வக்ஃபு சாசனம் வகுக்கப்பட்டது. குணமடைந்து வெளியேறும் ஏழைக்கு, உடனே கூலி வேலைக்குச் சென்று மீண்டும் நோயில் விழாதிருக்கும் பொருட்டுப் பணமும் கொடுத்தனுப்பினர். அதே வளாகத்தில், அதே வக்ஃபின் வருவாயில், அநாதைச் சிறுவர்க்கான பள்ளியும் நடைபெற்றது. மருத்துவமனையையும் அநாதைகளின் பள்ளியையும் அருகருகே வைத்த அந்த அமைப்பு நம் கருத்தை ஈர்க்கிறது.

நைல் நதிக்கரையில் எழுந்த அந்த எண்ணத்தை, ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அடையாற்றின் கரையில் வேறொரு வழியில் செயற்படுத்திக் காட்டியவர் ஓர் அம்மையார். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் யத்தீம்களின் துயர் துடைத்த கையை எச்சமயத்தவருடையது என்று கேட்டுவிட்டா நாம் போற்றுவோம்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைத் தமிழகத்தில் அறியாதார் இரார். அவருடைய வாழ்வில், நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உரிய பகுதிகளை மட்டும் இங்கே காண்போம்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராக இருந்த கல்விமான். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தைச் சேர்ந்தவர். இந்த ஒரு செய்தியிலேயே அம்மையாரின் பிற்கால வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். அந்நாளில் தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் தகப்பன் உயிரோடு இருந்தும் தகப்பன் பெயர் கிடையாது. யத்தீம் என்ற அரபுச் சொல், பருவமடையுமுன் தந்தையை இழந்த பிள்ளையையே குறிக்கும். அந்த இலக்கணப்படி பார்த்தால், தந்தை உயிரோடிருக்கவே யத்தீம்களாக வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். முத்துலட்சுமிக்கு அந்தக் குறை இல்லை. தந்தையின் அரவணைப்பிலேயே அவர் வளர்ந்தார். எனினும் தாய்வழி உறவினரின் வீடுகளில் அந்தக் குறையைக் கண்டு வளர்ந்தவர்.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களின் கல்லூரி. அங்கே ஒரு பெண் சேரக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் புறந்தள்ளி இடமளித்தார். மாணவர் கண்ணிற் படாதவாறு திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் பாடம் கேட்டார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் தங்கப் பதக்கங்களுடன் தேறினார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணி ஏற்ற முதல் பெண்மணி அவரே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிறகு நல்ல வருவாயுள்ள தொழில், அன்பான கணவர், இரண்டு ஆண் மக்கள்! அந்த வாழ்வோடு நின்றிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவரும் இரார், நினைவுகூர்வாரும் இரார்.

அவரை நிற்க விடாமல் செய்தது ஒரு மரணம். தங்கை சுந்தராம்பாள் இளம் வயதிலேயே நோயுற்றார். முதலில் சீதபேதி என்று கருதப்பட்டது, பின்னர் மலக்குடற் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1923-இல் அவர் காலமானார். தமக்கை மருத்துவர், கணவரோ அறுவை மருத்துவர். அவ்வளவு பேர் அருகிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவர் வீட்டிலேயே ஒரு நோய் காலங்கடந்து கண்டுபிடிக்கப்படுமானால், கேட்பாரற்றவரின் நிலை என்ன என்ற எண்ணம் அம்மையாரின் உள்ளத்தில் முள்ளாய்த் தங்கிவிட்டது போலும். 1925-இல் அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றபோது, அங்கே புற்றுநோய் மருத்துவத்தையும் அவர் நாடிக் கற்றார்.

நாடு திரும்பியதும் சட்டமன்ற நியமனம் அவருக்காகக் காத்திருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி அவர். விரைவிலேயே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் நடத்திய போராட்டத்தைப் பள்ளி நூல்களே கூறுவதால் அதனை இங்கே விரித்துரைக்கவில்லை. அதிகம் பேசப்படாத வேறு சில உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்றும், குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்றும் சட்டமன்றத்தில் வாதாடியவர் அவர். முஸ்லிம் மாணவியர் சென்னையில் தங்கிப் படிக்கத் தனி விடுதி வேண்டுமென்று பாடுபட்டவரும் அவரே. நம் சமுதாயம் இதனை மறந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் குறிப்பிடத்தான் வேண்டும்.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். அக்காலத்தில்தான் அந்த நிகழ்ச்சி நடைபெற்றது. தேவதாசி வாழ்விலிருந்து தப்பி வந்த இளம் பெண்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். சட்டம் செய்து தந்தவரிடமே அடைக்கலம் தேடி வந்தனர். அம்மையார் அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். அவர்களுடைய பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் கதவடைத்தன. சட்டமன்றத்தில் வென்றவர் விடுதி வாயிலில் தோற்றார்! ஆகவே தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தமிழ் மூதாட்டியின் பெயர் தாங்கிய அந்த இல்லத்தில் கைவிடப்பட்ட பெண் குழந்தைகள் பலரும் நாளடைவில் சேர்க்கப்பட்டனர். சாதி, பிறப்பு என்ற வினா அதன் வாயிலில் எழவில்லை. பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற அந்நிறுவனம் பள்ளிகளுடன் இன்றும் நடைபெற்று வருகிறது.

அந்நாளில் அநாதை இல்லங்கள் வேறு இல்லாமலில்லை. அறச் சிந்தை உடையோர் பலர் அவற்றை நடத்தினர். ஆயினும் ஔவை இல்லத்தை நிறுவியவர் ஒரு மருத்துவர் என்பதுதான் வேறுபாடு. தருமவான் ஒருவர் அநாதைக் குழந்தையைப் பார்க்கும்போது முதலில் கிழிந்த ஆடையைக் காண்பார். மருத்துவரோ கண்ணிமையைத் தாழ்த்திச் சோகையைக் காண்பார், வயிற்றைத் தொட்டு ஈரல் வீக்கத்தைக் காண்பார், மார்பில் செவி வைத்து இதய ஓசையைக் கேட்பார். கிழிந்த ஆடைக்கு ஒரு நாளில் மாற்று உண்டு. மற்றவற்றுக்கு நாளும் பொழுதும் வேண்டும். குழந்தையின் நலத்தைப் பற்றி அம்மையார் சட்டமன்றத்தில் பேசியதும், தம் இல்லத்தில் குழந்தைகளை வைத்துப் பேணியதும் இருவேறு பணிகளல்ல என்றே நான் கருதுகிறேன்.

தங்கையின் மரணத்தால் உள்ளத்தில் தைத்த முள் மட்டும் அகலவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற தம் எண்ணத்தை அவர் வெளியிட்டார். அது செயலாக இருபது ஆண்டுகள் சென்றன. புற்றுநோய் வந்தால் மரணம் உறுதி, அதற்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்ற மனப்பான்மை ஆட்சியாளரிடமும் இருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதத்தில் குடிசைகளில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொருள் தேடும் வழியை விட்டு அன்னையின் பணியில் இணைந்தார். அடுத்த ஆண்டில் இளம் மருத்துவர் வி. சாந்தா சேர்ந்தார், வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்து 2021-இல் மறைந்தார். பணம் இல்லை என்ற காரணத்தால் நோயாளியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிறுவனத்தின் கொள்கையாயிற்று.

1960-இல், அம்மையார் உயிரோடிருந்த காலத்திலேயே, அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய பிரிவு அதுவே முதலாவது. குழந்தைகளுக்கும் புற்றுநோய் வரும் என்பதையே பொதுமக்கள் அறியாத நாள் அது. தாய் தந்தையர் உள்ள குழந்தைகளே சிகிச்சையின் நடுவில் வீடு திரும்பி மறைந்து போவதுண்டு. ஊர் தொலைவு, கூலி இழப்பு, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் பசி ஆகியவை அதற்குக் காரணங்கள். தாய் தந்தையர் இல்லாத குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22-ஆம் நாள் தம் 82-ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் காலமானார்.

இன்றைய நிலைக்கு வருவோம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த அவ்வட்டாரத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் அங்கே குடியிருக்கின்றனர். அத்தகைய குடும்பத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அருகில் உறவினர் இல்லை. பேசும் மொழியும் அயலது. புற்றுநோய் என ஐயம் எழுந்தால் ஒரு பக்கம் அடையாறு, மறுபக்கம் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. இரண்டும் எட்டும் தொலைவில்தான் உள்ளன. பேருந்தில் உடன் ஏறிச் செல்லத்தான் ஆள் வேண்டும்.

சட்டம் இப்பிள்ளைகளை மறந்துவிடவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தீராத நோயுற்றுத் துணையின்றி நிற்கும் குழந்தையை அரசின் பாதுகாப்புக்கு உரியவர் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. அத்தகைய குழந்தையைக் காண்பவர் 1098 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம், கட்டணம் கிடையாது. 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அநாதை இல்லங்களில் வாழ்வோரும், வெளிமாநிலத் தொழிலாளரும் இடம்பெறத் தக்கவராவர். அநாதை இல்லம் நடத்தும் ஜமாஅத்தார் தங்கள் பிள்ளைகள் அனைவரின் பெயரும் அதில் பதிவாகியுள்ளதா என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே பார்த்துவிடலாம். பதிவு செய்யும் அலுவலகம் மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் இயங்குகிறது.