பள்ளிக்கு வந்த பால்

கிளாஸ்கோ நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் இருந்த பள்ளிக்கு இளைஞர் ஒருவர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். வகுப்பறை நிறையப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களின் உடைகள் கிழிந்திருந்தன, உடல்கள் மெலிந்திருந்தன, உடையின் மேல் பேன்கள் ஊர்ந்தன. பசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தம்மால் எதையும் கற்பிக்க இயலாது என்று உணர்ந்த அவர், மிக விரைவிலேயே அப்பணியை விட்டு விலகினார். அவர் செய்தது கோழைத்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், அவர் கண்ட காட்சி அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு விலகவில்லை.

அந்த இளைஞரின் பெயர் ஜான் பாய்ட் ஆர். அவர் 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உள்ள கில்மார்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். வேறோர் ஊரில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய பின், மீண்டும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து அறிவியலும் மருத்துவமும் பயின்றார். மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

1914-ஆம் ஆண்டில் அபர்தீன் நகரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்குச் சென்று பார்த்தபோது ஆய்வுக்கூடமே இல்லை! மரத்தால் ஒரு சிறு கூடம் எழுப்பும் அளவிற்கே பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவரோ அப்பணத்தைக் கொண்டு உறுதியான கருங்கல் கட்டடத்தைத் தொடங்கிவிட்டார். முதல் உலகப்போர் குறுக்கிட்டது. போர்க்களத்தில் மருத்துவராகப் பணியாற்றி, வீரத்திற்கான பதக்கங்களுடன் அவர் திரும்பி வந்தார். ஜான் குவில்லர் ரோவெட் என்னும் செல்வந்தரின் நன்கொடையால் ஆய்வகம் வளர்ந்து, 1922-இல் ரோவெட் நிறுவனம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் அங்கு ஆராயப்பட்டது கால்நடைகளின் தீவனமே. எந்த உணவைத் தந்தால் கன்று நன்கு வளரும், எது குறைந்தால் பன்றி நோயுறும் என்பதை அறிஞர்கள் துல்லியமாகக் கண்டறிந்தனர். கன்றுகளுக்குக் கிடைத்த இந்தக் கவனம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அந்நாளில் பண்ணைகளில் பால் மிகுந்திருந்தது. அதை வாங்குவதற்கு ஏழைப் பெற்றோரிடம் பணம் இல்லை. மிகுந்து கிடக்கும் பாலையும் பசித்திருக்கும் பிள்ளையையும் ஒன்று சேர்த்தால் என்ன நிகழும் என்று அறிய ஆர் முனைந்தார்.

ஸ்காட்லாந்தின் நகரங்கள் சிலவற்றிலும் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் நாள்தோறும் முழுப்பால் பெற்றனர். மற்றொரு குழுவினர் கொழுப்பு நீக்கிய பால் பெற்றனர். மூன்றாம் குழுவினருக்குப் பாலில் உள்ள அளவே ஆற்றல் தரும் பிஸ்கட்டுகள் வழங்கப்பட்டன. நான்காம் குழுவினருக்குக் கூடுதலாக எதுவும் வழங்கப்படவில்லை. இவற்றுள் பிஸ்கட் குழுவே மிக நுட்பமான ஏற்பாடு எனலாம். வயிறு நிறைவதால் மட்டுமே வளர்ச்சி உண்டாகிறதா, அல்லது பாலில் தனிச் சிறப்பு ஏதேனும் உண்டா என்பதை அக்குழுவின்றி அறிய இயலாது.

ஏழு மாதங்களுக்குப் பின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. பால் அருந்திய பிள்ளைகளின் வளர்ச்சி மற்றவர்களின் வளர்ச்சியைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்திருந்தது. கொழுப்பு நீக்கிய பாலும் முழுப்பாலுக்கு நிகரான பயனைத் தந்தது. இந்த முடிவுகள் 1928-இல் மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்தன.

இதைத் தொடர்ந்து 1930-இல் லானர்க்‌ஷயர் மாவட்டத்தில் 20,000 பிள்ளைகளைக் கொண்டு மாபெரும் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. இது ஆர் நடத்தியதன்று. ஆயினும் இதன் கதை அறியத்தக்கது. பாதிப் பேருக்குப் பால், பாதிப் பேருக்கு இல்லை என்பது ஏற்பாடு. ஆனால், ஆசிரியர்களுக்கு மனம் கேட்கவில்லை. மெலிந்த பிள்ளைகளைப் பார்த்துப் பால் பெறும் குழுவில் சேர்த்துவிட்டனர் போலும். பால் பெறாத குழுவினர் தொடக்கத்திலேயே உயரமாகவும் எடை மிகுந்தும் இருந்தனர். மேலும், முதல் எடை குளிர்காலத்தில் உடையுடன் எடுக்கப்பட்டது. இறுதி எடை கோடையில் எடுக்கப்பட்டது. வசதியுள்ள பிள்ளைகள் கனத்த உடைகளைக் களைந்திருந்தனர். ஏழைப் பிள்ளைகளிடம் களைவதற்குக் கனத்த உடையே இல்லை! இக்குறைகளைச் சுட்டிக்காட்டியவர் வில்லியம் காசெட் என்னும் புள்ளியியல் அறிஞர். அவர் தம் கட்டுரைகளை ‘மாணவர்’ என்னும் புனைபெயரில் எழுதி வந்தார். ஐம்பது இணை இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டே இதைவிட நம்பத்தக்க முடிவைப் பெறலாம் என்பது அவர் கருத்து.

குறைகள் சுட்டப்பட்டபோதிலும் பள்ளிக்குப் பால் வருவது நிற்கவில்லை. உழவர்களின் பால் விற்பனை வாரியமும் அரசும் பள்ளிகளும் கைகோத்தன. 1934 முதல் மூன்றில் ஒரு பைன்ட், அதாவது ஏறத்தாழ 190 மில்லிலிட்டர் பால், அரைப் பென்னி விலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. உழவருக்குச் சந்தை கிடைத்தது. பிள்ளைக்கு ஊட்டம் கிடைத்தது.

ஆயினும் ஆருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வரவையும் உணவுச் செலவையும் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1936-இல் உணவு, உடல்நலம், வருமானம் ஆகியவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். பிரித்தானிய மக்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முழு உடல்நலத்திற்குப் போதிய உணவை வாங்க வசதி இல்லை என்று அந்நூல் காட்டியது. உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றைப் பற்றிய இவ்வுண்மை ஆட்சியில் இருந்தோருக்கு இனிக்கவில்லை. ஆர் பின்வாங்கவும் இல்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, அவர் நெடுங்காலம் வலியுறுத்தியவாறே உணவுப் பங்கீடு அமைந்தது. கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் முதலில் பால் என்பது நாட்டின் கொள்கையாயிற்று.

1945-இல் ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு தோன்றியது. இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பு நாடு. அதன் முதல் தலைமை இயக்குநராக ஆர் பொறுப்பேற்றார். விளைச்சல் மிகுந்த நாடுகளின் உணவைப் பசித்த நாடுகளுக்குக் கொண்டு சேர்க்க உலக உணவு வாரியம் ஒன்று வேண்டும் என்று திட்டம் வகுத்தார். மிகுந்த பாலையும் பசித்த பிள்ளையையும் சேர்த்துவைத்த அதே எண்ணம், இப்போது உலக அளவுக்கு விரிந்திருந்தது. அமெரிக்காவும் அவருடைய சொந்த நாடும் அதை ஏற்கவில்லை. 1948-இல் அவர் பதவியிலிருந்து விலகினார். மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசுத் தொகையை அவர் அமைதி இயக்கங்களுக்கு வழங்கிவிட்டார்.

1946 முதல் பிரித்தானியப் பள்ளிகளில் பால் விலையின்றியே வழங்கப்பட்டு வந்தது. ஆர் தம் தொண்ணூறாம் வயதில், 1971-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் மறைந்தார். ஏழு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு அப்பாலை நிறுத்தும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது.