எமிலி ஜோலாவைக் கொன்றது புகைபோக்கியா, ஆளா? 1902-ல் பாரிஸில் நடந்தது என்ன?

1902 செப்டம்பர் 29, காலை 9 மணி. பாரிஸின் புருசெல்ஸ் தெருவில் ஒரு வீட்டில், முதலாளியின் படுக்கையறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்த வேலைக்காரர்கள் கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கட்டிலில் மனைவி அலெக்சாண்ட்ரின் நினைவிழந்து கிடந்தார். தரையில் கணவர். அவர் உடலில் உயிர் இல்லை.

இறந்தவர் எமிலி ஜோலா. வயது 62. அன்றைய பிரான்சில் அவரைத் தெரியாதவர்களே கிடையாது. அவரைப் பிடிக்காதவர்களும் ஏராளம். அதனால்தான் ஒரு சாதாரண குளிர்கால விபத்து போலத் தெரிந்த இந்த மரணத்தைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் இந்த ஜோலா?

1840-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா இத்தாலியிலிருந்து வந்த இன்ஜினியர். மகனுக்கு 7 வயது ஆகும் முன்பே அவர் இறந்துவிட, குடும்பம் கடனில் விழுந்தது. தெற்கு பிரான்சின் எய்க்ஸ் ஊரில் வளர்ந்த காலத்தில் ஜோலாவின் பள்ளித் தோழன், பின்னாளில் ஓவிய உலகையே புரட்டிப்போட்ட பால் செசான்.

பாரிஸ் திரும்பிய ஜோலா, பள்ளி இறுதித் தேர்வில் 2 முறை தோற்றார். கொஞ்ச காலம் குமாஸ்தா வேலை, பிறகு ஒரு பதிப்பகத்தில் விளம்பரப் பிரிவு. அங்கிருந்துதான் முழுநேர எழுத்துக்கு வந்தார். ஒரே குடும்பத்தின் கிளைகளைப் பின்தொடரும் 20 நாவல்களை 1871 முதல் 1893 வரை எழுதி முடித்தார். குடிகாரர்கள், சலவைத் தொழிலாளிகள், பாலியல் தொழிலாளிகள் என்று அதுவரை நாவல்களில் அதிகம் இடம் கிடைக்காதவர்களை எல்லாம் கொண்டுவந்தார். எழுதுவதற்கு முன் நேரில் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய 'ஜெர்மினல்' நாவலுக்காக 1884-ல் வடக்கு பிரான்சின் ஆன்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார்.

ஒரு கட்டுரை, ஆயிரம் எதிரிகள்

ராணுவ ரகசியத்தை ஜெர்மனிக்கு விற்றதாக யூத அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ் 1894-ல் தண்டிக்கப்பட்டார். உண்மையான குற்றவாளி வேறு ஆள் என்று தெரிந்த பிறகும் ராணுவம் அதை மூடி மறைத்தது. 1898 ஜனவரி 13 அன்று, குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் மூடி மறைத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார் ஜோலா. அது வெளியான நாளிதழ் 2 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

அடுத்த மாதமே அவதூறு வழக்கில் ஓராண்டு சிறை, 3,000 ஃபிராங்க் அபராதம். ஜூலையில் இங்கிலாந்துக்குத் தப்பினார். 1899 ஜூனில்தான் ஊர் திரும்ப முடிந்தது. கொலை மிரட்டல்கள் நிற்கவில்லை.

அந்த இரவு

கோடைக்காலத்தை மேதான் கிராமத்து வீட்டில் கழித்துவிட்டு, செப்டம்பர் 28 அன்று தம்பதி பாரிஸ் வீட்டுக்கு வந்தார்கள். பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த அறை, குளிர் வேறு. படுக்கையறைக் கணப்பில் நிலக்கரித் தீ மூட்டப்பட்டது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

நள்ளிரவுக்குப் பின் அலெக்சாண்ட்ரினுக்குத் தலைவலி, வாந்தி. எழுந்து போய்விட்டுத் திரும்பினார். ஜோலாவுக்கும் உடம்பு சரியில்லை. வேலைக்காரர்களைக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்க, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, காலையில் சரியாகிவிடும் என்று தடுத்துவிட்டார். பிறகு ஜன்னலைத் திறக்க எழுந்தவர், பாதி வழியிலேயே விழுந்தார். கட்டிலில் இருந்தவரால் அசையக்கூட முடியவில்லை.

அவர் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கரி சரியாக எரியாதபோது, புகை மேலே போகாதபோது இது அறைக்குள் சேரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். ஃபுட் பாய்சன் மாதிரியே இருக்கும். விஷயம் புரிவதற்குள் கைகால் வேலை செய்யாது.

விசாரணையில் என்ன கிடைத்தது?

ஜோலாவின் ரத்தத்தில் அந்த வாயு இருந்தது உறுதியானது. அப்படியானால் புகைபோக்கியில்தானே கோளாறு இருக்க வேண்டும்? அதே கணப்பில் தீ மூட்டி, அறையை மூடி, உள்ளே கினிப் பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். அவை உயிரோடு வெளியே வந்தன. புகைபோக்கியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கரி அடைப்பு இல்லை. ஆனாலும் விபத்து என்றே முடிவாகிக் கோப்பு மூடப்பட்டது.

இங்கேதான் இடிக்கிறது. சோதனை நடந்த நாளில் புகைபோக்கி நன்றாக இருந்தது என்பதைத்தான் கினிப் பன்றிகள் நிரூபித்தன. செப்டம்பர் 28 இரவு அது எப்படி இருந்தது என்பதற்கு அவை சாட்சி ஆகாது. ஒரு ராணுவக் கோப்பை மறுபடி திறக்கவைத்தவரின் சொந்தக் கோப்பு இவ்வளவு அவசரமாக மூடப்பட்டது கொடுமைதான்.

இன்று ஒரு தொழில்முறைப் பரிசோதகர் குளிர்காலம் தொடங்கும் முன் வந்து பார்ப்பதும் இதைத்தான். குழாய்க்குள் தூரிகை விட்டுக் கரியைத் துடைப்பார். உள்ளே கேமராவை இறக்கி விரிசல், பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பார். புகை மேல்நோக்கி இழுக்கிறதா என்று சோதிப்பார். பிரான்சில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்வது இப்போது சட்டப்படி கட்டாயம்.

50 ஆண்டுகள் கழித்து வந்த வாக்குமூலம்

அக்டோபர் 5 அன்று மோன்மார்த் கல்லறையில் அடக்கம். சுரங்கத் தொழிலாளர்கள் தங்களைப் பற்றிய நாவலின் பெயரை முழங்கியபடி ஊர்வலத்தில் நடந்தார்கள். டிரைஃபஸ் நிரபராதி என 1906-ல் தீர்ப்பு வந்தது, அதைப் பார்க்க ஜோலா இல்லை. 1908-ல் அவரது உடல் பாந்தியோன் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டபோது, விழாவுக்கு வந்த டிரைஃபஸை ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். கையில் காயத்தோடு டிரைஃபஸ் தப்பினார். சுட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த வெறுப்பு எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு இது போதும்.

1953-ல் பாரிஸ் நாளிதழ் ஒன்று ஒரு தகவலை வெளியிட்டது. டிரைஃபஸ் எதிர்ப்பாளரான ஒரு புகைபோக்கித் தொழிலாளி, 1920-களில் தன் நண்பரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டுக் கூரையில் ரிப்பேர் வேலை பார்த்தபோது ஜோலா வீட்டுப் புகைபோக்கியை அடைத்ததும், மறுநாள் அதிகாலை யாரும் கவனிக்காமல் அடைப்பை எடுத்ததும் தாங்கள்தான் என்று. உண்மையாக இருந்தால், காலியான புகைபோக்கி, பிழைத்த கினிப் பன்றிகள் இரண்டுக்கும் இது விளக்கம் தருகிறது. வரலாற்றாசிரியர்களில் பலர் நம்பத்தகுந்தது என்கிறார்கள், நிரூபிக்க ஆதாரம் இல்லை.

சொன்னவர் அதற்குள் இறந்திருந்தார். அந்த அறையில் உயிர் பிழைத்த ஒரே சாட்சி அலெக்சாண்ட்ரினும் 1925-லேயே காலமாகிவிட்டார்.