சிகரெட் தாள் முதல் சர்வர் பேக்கப் வரை: டேப்பைத் தந்த ஃப்ளாய்மர் யார்?

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்கள் சிலரின் மெயில் பெட்டி திடீரென காலியானது. பல இடங்களில் வைத்திருந்த நகல்களும் போச்சு. கடைசியில் கூகுளுக்குக் கைகொடுத்தது டேப்! கிளவுட் காலத்திலும் காப்பாற்றும் இந்த டேப்பின் கதை சிகரெட்டில் தொடங்குகிறது என்றால் நம்புவீங்களா?

யார் இவர்?

ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர் 1881-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். வேலை பார்த்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் பகுதியில். அங்கே சிகரெட் முனையில் தங்க நிறப் பட்டை போடுவார்கள். நிஜத் தங்கம் விலை அதிகம். மலிவான வெண்கலத் துகளோ உதட்டில் ஒட்டிக்கொள்ளும். துகளைத் தாளில் உறுதியாகப் பிடித்து வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார் ஃப்ளாய்மர்.

அப்போதுதான் அந்த யோசனை. வெண்கலத்துக்குப் பதில் இரும்புத் துகளைப் பூசினால், ஒலியைக் காந்தப் பதிவாகச் சேமிக்கலாமே! அதுவரை காந்தப் பதிவுக்கு எஃகுக் கம்பிதான். கனம், செலவு ரெண்டுமே அதிகம். தாள் நாடா கிழிந்தால் பசை போட்டு ஒட்டினால் போதும். 1928-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கைநழுவிய காப்புரிமை

1932-ல் ஏஇஜி நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் போட்டது. நாடா தயாரிக்கும் பொறுப்பு பிஏஎஸ்எஃப் ஆலைக்குப் போனது. சட்டுனு கிழியும் தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் கருவி அறிமுகமானது.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. டென்மார்க்கின் வால்டெமர் பவுல்சன் 1898-லேயே பெற்ற காப்புரிமையில் இந்த யோசனை அடங்கிவிட்டதாகச் சொல்லி, ஜெர்மனி நீதிமன்றம் ஃப்ளாய்மரின் உரிமையைச் செல்லாததாக்கியது. பவுல்சன் செய்து காட்டியது கம்பியில். நாடாவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரோ ஃப்ளாய்மர். 1945-ல் அவர் இறந்தார். கணினியில் டேப் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை. 1952-ல் ஐபிஎம் தன் 726 டேப் கருவியை வெளியிட்டது. 1979-ல் யூனிக்ஸ் 7-ம் பதிப்பில் வந்த 'டார்' கட்டளையின் பெயரே 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம்தான்.

டேப் பேக்கப் மக்கர் பண்ணுதா?

* வாசிப்பதில் பிழை வந்தால், உடனே டேப்பைத் தூக்கிப் போடாதீங்க. துகள் படிந்து ஹெட் அழுக்காகியிருக்கலாம். கிளீனிங் கேட்ரிட்ஜ் போட்டுப் பாருங்க. பிறகு வேறொரு டேப்பைப் போட்டுப் பார்த்தால், கோளாறு டேப்பிலா டிரைவிலா என்பது தெரியும்.

* நேற்றைய பேக்கப் காணோமா? லினக்ஸில் எஸ்டி0 என்ற பெயரில் எழுதினால், வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதிவிடும். ஒரே டேப்பில் பல பேக்கப் வேண்டுமானால், சுற்றாமல் நிற்கும் என்எஸ்டி0-வைப் பயன்படுத்துங்க.

* பேக்கப் முடிந்தது என்று திரையில் வந்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது சில ஃபைல்களை வேறொரு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பாருங்க.

ஃப்ளாய்மரின் தாள் நாடா கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒட்டிவிடலாம். இன்றைய டேப்பில் பழுது இருப்பதே மீட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். அந்த நாள் சர்வர் படுத்த நாளாக இருக்கக் கூடாது.