ஊமைத்துரை: எதிரி தீட்டிய உருவப்படம்

படைவீரரின் உருவப்படம் என்றால் பதக்கமும் வாளும் மிடுக்கும் நினைவுக்கு வரும். ஜெர்மானிய ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1924-இல் வெளியிட்ட ‘போர்’ என்னும் 50 செதுக்கோவியங்கள் அந்த மரபை உடைத்தன. முதல் உலகப் போரில் தாமே இயந்திரத் துப்பாக்கி ஏந்திய அவர், சிதைந்த முகங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். தூத்துக்குடிச் சீமையின் பெருவீரர் ஊமைத்துரைக்கோ, நேரில் கண்டு வரைந்த படமே நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது, அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிய சொற்சித்திரம்.

குமாரசாமி என்பது இயற்பெயர். வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. 1799 அக்டோபர் 16 அன்று அண்ணன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். தம்பி பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று, ஆங்கிலேயர் விருந்துண்டு கொண்டிருந்த வேளையில், அவரும் உடனிருந்தோரும் சிறையிலிருந்து தப்பினர். இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்து நின்றது. தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தது. மார்ச் 31 அன்று கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது.

வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் காட்சிப்படங்கள் ஏராளம். ஊமைத்துரையை மட்டும் அவர் எழுத்தில்தான் வரைந்தார்: மெலிந்த, நெடிய உடல், வாய் பேசாதவர், ஆயினும் அவர் விரலசைவு ஒவ்வொன்றையும் மக்கள் தெய்வ வாக்காக ஏற்றனர். சில துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்குவார். அவை ஆங்கிலப் படை. வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து, வாயால் சீறலொலி எழுப்புவார். அதுவே தாக்குதலுக்கான ஆணை. பேசத் தெரிந்த எந்தத் தளபதியின் படத்தையும்விட இது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. அன்றிரவு, களத்தில் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், உயிர் போகும் நிலையிலிருந்த அந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்று ஒளித்தனர். எட்டயபுரத்தார் தேடி வந்தபோது, வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவன் என்று சொல்லி அழுதனர். தேடி வந்தவர்கள் அஞ்சி ஓடினர். இதையும் பதிவு செய்தவர் வெல்ஷ்தான்.

உயிர் பிழைத்த ஊமைத்துரை, சிவகங்கையில் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டார். அக்டோபர் 24 அன்று மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1801 நவம்பர் 16 அன்று ஊமைத்துரை, தாம் எழுப்பிய கோட்டை நின்ற பாஞ்சாலங்குறிச்சி மண்ணிலேயே தூக்கிலிடப்பட்டார்.